இரவுச் செய்தியும் இரும்புக் கதவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் கமிட்டி வெள்ளிக்கிழமைப் பூஜையை இரவு ஏழரையிலிருந்து மாலை ஐந்தரைக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். "காலம் கெட்டுக் கிடக்கு, இருட்டினப்புறம் யாரு வெளிய வருவா?" என்பார் ஒருவர். "எல்லாம் இந்த டிவி பண்ற வேலை. பொழுதுக்கும் கொலை கொள்ளைன்னு காட்டினா மனுசனுக்குப் பயம் வராதா?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முயற்சிக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. அதில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். அவர்கள் சறுக்கிய இடங்கள் தெரிந்தால் அந்தக் கமிட்டியே தன் தெருவில் இதை அளந்து பார்த்துவிடலாம்.

தொலைக்காட்சியையும் பயத்தையும் முதலில் எண்களால் முடிச்சுப் போட்டவர் ஜார்ஜ் கெர்ப்னர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். லாரி கிராஸுடன் சேர்ந்து 1976-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். நாளொன்றுக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களை ஒரு பக்கமும், 2 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்பவர்களை மறுபக்கமும் வைத்தார்கள். ஒரு வாரத்தில் நீங்கள் ஏதாவதொரு வன்முறையில் சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா என்று கேட்டார்கள். அதிகம் பார்ப்பவர்கள் "பத்தில் ஒன்று" பக்கம் சாய்ந்தார்கள். திரையில் தெரியும் உலகத்தையே வெளியுலகமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கெர்ப்னரின் வாதம். 'பொல்லாத உலகம்' என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது.

அதே 1976-இல், ஜனவரி 5 அன்றுதான், தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறைப்படி தொடங்கியது. அதுவரை இந்த நாட்டுக்கு டிவியே கிடையாது. தபால் தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் அதை வரவே கூடாது என்று நின்றார். இப்படிக் காலம் கடந்து வந்ததால் இந்த நாட்டை ஓர் ஆய்வுக்கூடம் போலப் பார்த்தவர்களும் உண்டு. பிராண்டன் சென்டர்வால் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், டிவி வந்த பின் இங்கே வெள்ளையரிடையே கொலை விகிதம் ஏறியதைக் காட்டி, டிவிதான் காரணம் என்று வாதிட்டார். 1976-க்குப் பிறகு நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டங்களில் இந்த நாடு எப்படிக் கொந்தளித்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வாதத்தின் பலவீனத்தை விளக்க வேண்டியதில்லை.

கெர்ப்னருக்கு வந்த எதிர்ப்பு இதைவிடச் சுவையானது. 1979-இல் அந்தோணி டூப், கிளென் மெக்டொனால்ட் இருவரும் டொரொன்டோவில் நான்கு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரத்தில் குற்றம் மிகுந்தது ஒன்று, குறைந்தது ஒன்று. புறநகரிலும் அதேபோல் இரண்டு. எல்லோரையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் அதிகம் டிவி பார்ப்பவர் அதிகம் பயந்தார். பகுதி வாரியாகப் பிரித்ததும் அந்த உறவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. குற்றம் மிகுந்த பகுதியில் இருப்பவர்கள் டிவியும் அதிகம் பார்த்தார்கள், பயமும் அதிகம் பட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நகரத்தின் குற்றம் மிகுந்த அந்த ஒரு பகுதியில் மட்டும் உறவு மறையவில்லை. வாசலில் இருப்பதையே திரையும் சொன்னால் அடி இரட்டிப்பாக விழுகிறது என்று கெர்ப்னர் பின்னால் அதற்கு விளக்கம் தந்தார். நம் ஊர்களுக்கு இந்த ஒற்றை விதிவிலக்குதான் முக்கியம்.

1980-இல் மைக்கேல் ஹியூஸ் கெர்ப்னர் பயன்படுத்திய அதே கணக்கெடுப்பை மறுபடி அலசினார். வயது, பால், வருமானம், வேலை நேரம், தேவாலயத்துக்குப் போகும் பழக்கம், சங்கங்களில் உறுப்பினரா என்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கணக்கிட்டதும் டிவியின் பங்கு கரைந்துபோனது. பால் ஹிர்ஷ் அதே ஆண்டில் இன்னொன்றைக் கண்டார்: டிவியே பார்க்காதவர்கள், கொஞ்சம் பார்ப்பவர்களைவிட அதிகம் பயந்தார்கள். டிவிதான் பயத்தை ஊற்றுகிறது என்றால் இது எப்படி? பின்னால் ஷனாஹனும் மார்கனும் 1999-இல் இருபது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகளைத் தொகுத்துச் சராசரி எடுத்தபோது ஒட்டுறவு எண் (இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டுவது; முழுக்கச் சேர்ந்து மாறினால் 1) 0.09 வந்தது. அதை வர்க்கப்படுத்தினால் 0.008. மக்களின் பார்வை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் நூற்றுக்கு ஒரு பங்குகூட டிவிக்குச் சேரவில்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் அதை மட்டும் தனியாக ஏற்ற இது போதாது.

இந்தக் கலப்படம் எப்படி நடக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். நூறு பேர். ஐம்பது பேர் அதிகம் பார்ப்பவர்கள், ஐம்பது பேர் குறைவாகப் பார்ப்பவர்கள். முதல் ஐம்பதில் 31 பேர் இருட்டில் நடக்கப் பயம் என்கிறார்கள், இரண்டாவதில் 19 பேர். அடேயப்பா, டிவியின் வேலைதான் என்று எழுந்துவிடக் கூடாது. முதல் ஐம்பதில் 40 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், 10 பேர் இளையவர்கள். இரண்டாவதில் 10 பேர் மூத்தவர்கள், 40 பேர் இளையவர்கள். மூத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரும் இளையவர்களில் பத்துக்கு மூன்று பேரும் பயப்படுகிறார்கள் என்றால், முதல் குழுவில் 28 கூட்டல் 3, இரண்டாவதில் 7 கூட்டல் 12. அதே 31, அதே 19. டிவிக்கு இங்கே வேலையே இல்லை. வீட்டோடு இருக்கும் வயசாளிகள் டிவி அதிகம் பார்க்கிறார்கள், அவ்வளவே. வேலை இல்லாதவர், நோயாளி, கைக்குழந்தையோடு இருப்பவர் எல்லோருக்கும் இதே கதைதான். காரணம் எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு. பயத்தால் ஆறு மணிக்கே இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியவர் அதன் பிறகு டிவி பார்க்காமல் வேறு என்ன செய்வார்?

டிவி நிஜமாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. லிண்டா ஹீத்தும் ஜான் பெட்ரைட்டிஸும் 1987-இல் கேட்டது எளிய கேள்வி: எந்த இடத்தைப் பற்றிய பயம்? தன் சொந்தத் தெருவைப் பற்றிய பயத்துக்கும் டிவிக்கும் தொடர்பு மிகக் குறைவு. தான் போகாத, தூரத்துப் பெருநகரத்தைப் பற்றிய பயத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. தன் தெருவைப் பற்றிச் சொல்லக் கண்ணும் காதும் இருக்கின்றன. போகாத ஊரைப் பற்றிச் சொல்லத் திரை மட்டுமே இருக்கிறது. அதனால்தான் டர்பனில் இருப்பவர் ஜோஹன்னஸ்பர்க் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவில் இருப்பவர் டர்பன் கடற்கரையில் காரை நிறுத்த யோசிக்கிறார்.

ஆனால் நம் பகுதிகளில் 'போகாத இடம்' தூரத்தில் இல்லை. டர்பனின் இன்னொரு இந்தியப் பகுதியான ஃபீனிக்ஸை ஒட்டி ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டா. சாட்ஸ்வொர்த்துக்கு அடுத்து, அதேபோல் உம்லாசி. கொலை எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் காவல் நிலையங்களின் பட்டியலில் இந்த இரண்டு பெயரும் திரும்பத் திரும்ப வரும். 1950-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் இந்தியரை ஒரு பக்கமும் ஆப்பிரிக்கரை ஒரு பக்கமும் குடியமர்த்தி, நடுவே ஆற்றையும் வெற்று நிலத்தையும் நெடுஞ்சாலையையும் விட்டது. பல வீடுகளுக்கு அடுத்த குன்று கண்ணுக்குத் தெரியும்; கால் மட்டும் அங்கே போனதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் கால் படாத இடத்தைத் திரை ரொம்பச் சுலபமாக நிரப்பும். அதோடு, அங்கே கொல்லப்படுபவர்களில் பலர் அங்கேயே வாழும் இளைஞர்கள் என்பது ஒரு நிமிடச் செய்தியில் வராது.

டிவியை மட்டும் குறை சொல்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1949 ஜனவரியில் டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். டிவி வருவதற்கு 27 ஆண்டுகள் முன்பு. அந்தக் கதை ஆயாக்கள் வாய்வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. 1985-இல் இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் வெளியேறியதும் அப்படியே. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 354 உயிர்கள் போனபோது, ஃபீனிக்ஸில் முப்பதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பலர் தெருத் தடுப்புகளில். அந்த வாரம் பயத்தைச் சுமந்து ஓடியதில் பெரும்பங்கு வாட்ஸ்அப் குரல்பதிவுகளுக்கு உண்டு. குற்றத்தைப் பற்றிய பயம் என்பதை ஏதோ மனக் குறை போல நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆயுதத்தோடு தெருவில் நிற்கும்போது அதுவே குற்றமாகிறது.

சமூகக் காரணங்களில் பெரும்பாலான நாடுகளில் முதலில் நிற்பது பால் வேறுபாடு. பெண்கள் ஆண்களைவிட அதிகம் பயப்படுகிறார்கள். கொலையாவது மட்டும் ஆண்களே அதிகம். இதை அசட்டுப் பயம் என்று ஒதுக்கியவர்களுக்குக் கென்னத் ஃபெராரோ 1996-இல் பதில் சொன்னார்: ஒரு பெண்ணுக்குத் திருடன் வருவதும் வெறும் திருட்டாக முடியாமல் போகலாம், பாலியல் வன்முறையின் நிழல் மற்ற எல்லாக் குற்றங்கள் மேலும் விழுகிறது. வயசாளிகள் விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. இருபது வயதுப் பையனைத் தள்ளிவிட்டுப் போனைப் பிடுங்கினால் முட்டி சிராய்க்கும். எழுபத்தைந்து வயது ஆயாவைத் தள்ளினால் இடுப்பெலும்பு உடையும். நடக்கும் வாய்ப்பு குறைவுதான், நடந்தால் வரும் சேதம் பெரிது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஆயா தப்பாகக் கணக்குப் போடவில்லை.

அடுத்தது, தெரிந்தவருக்கு நடந்தது. செய்தியில் வரும் பத்துக் கொள்ளையைவிட, எதிர்வீட்டு அங்கிளின் பாக்கியை (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) வாசல் கேட்டில் வைத்துப் பறித்துப் போனதுதான் ஆழமாக இறங்கும். அதன் பிறகுதான் தெருவின் தோற்றம்: எரியாத விளக்கு, புல் மண்டிய காலி மனை, பாழடைந்த கட்டடத்தில் கூடும் போதைக்காரர்கள். கடைசியாக, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்பது. பழைய சாட்ஸ்வொர்த் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் தெரியும். இப்போது ஆறடி சிமெண்ட் பலகைச் சுவர், மேலே மின்வேலி. திருடன் ஏறுவது கஷ்டம். ஏறிவிட்டால் தெருவில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. இதைச் சொன்னால் வேலி விற்பவர்களுக்குக் கோபம் வரும்.

இனி அளக்கும் வேலை. 240 வீடுள்ள பகுதி என்றால் மூன்றுக்கு ஒன்றாக 80 வீடு போதும். 80 பேரில் வரும் சதவீதம் மேலே கீழே 11 புள்ளி வரை ஆடும் என்பதை மனதில் வையுங்கள்; 45-க்கும் 50-க்கும் வித்தியாசம் கண்டுபிடித்தோம் என்று கூட்டம் போட வேண்டாம். ஆள் இல்லாத வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்க்காதீர்கள். வேறு நாள், வேறு நேரம், இரண்டு முறை திரும்பிப் போங்கள். யார் கதவைத் திறக்கிறாரோ அவரையே கேட்டால் 80-ல் பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் மூத்த பெண்களாக இருக்கலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டு அவரிடம் பேசுங்கள்.

மிகவும் பயப்படுபவர் கேட்டையே திறக்க மாட்டார். பயத்தை அளக்கும் கணக்கெடுப்பில் இதுதான் பெரிய ஓட்டை. ஒரு வாரம் முன்பே கோயில், சர்ச், பள்ளிவாசல் மூலம் கடிதம் கொடுத்து, அடையாள அட்டையோடு ஆணும் பெண்ணுமாக இருவர் பகலில் போனால் ஓட்டை சிறிதாகும். மறுத்த வீடுகளை எண்ணி எழுதிவையுங்கள். போலீஸோடு சேர்ந்து இயங்கும் சமூகக் காவல் மன்றத்தின் ஒளிரும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதைப் பார்த்ததுமே பதில் மாறும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் சொல்வது ஒன்று, தனியே சொல்வது ஒன்று. ஆம்பிளைகள் சக ஆம்பிளையிடம் பயம் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. பெயரும் வீட்டு எண்ணும் தாளில் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கமிட்டிக்கும் பொருந்தும்.

கேள்வியின் சொல்லில்தான் பாதி ஆட்டம். "திருடனுக்குப் பயப்படுறீங்களா?" என்று கேட்டால் "பயப்படாம இருக்க முடியுமா!" என்றோ, "அம்மன் இருக்கா, எனக்கென்ன பயம்?" என்றோ வரும். இரண்டுமே பதில் அல்ல. பயம் என்பது நெஞ்சு படபடப்பது. கவலை என்பது படுத்தபின் யோசிப்பது. உஷார் என்பது கதவைப் பூட்டுவது. மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். பிரிட்டனில் ஸ்டீபன் ஃபாரலும் கூட்டாளிகளும் காட்டிய வழி நல்லது: கடந்த 12 மாதத்தில் குற்றத்தை நினைத்து நிஜமாகவே பயந்த சம்பவம் உண்டா, எத்தனை முறை, கடைசியாக எப்போது, அப்போது எவ்வளவு? இப்படிக் கேட்டபோது பயந்தவர்களின் எண்ணிக்கை வழக்கமான கேள்வியில் வந்ததைவிட மிகவும் குறைந்தது. புள்ளியியல் துறை கேட்கும், பகலில் தனியே நடப்பது, இருட்டிய பின் தனியே நடப்பது என்ற இரண்டு கேள்விகளையும் அப்படியே சேருங்கள், நாட்டோடு ஒப்பிட உதவும். நாடு முழுவதும் பகலில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் பாதுகாப்பாக உணர்கிறார்கள். இருட்டினால் அது மூன்றில் ஒருவர் அளவுக்கு இறங்குகிறது. பிறகு, பயத்தால் எதை விட்டீர்கள் என்று கேளுங்கள்: நடந்து கடைக்குப் போவது, தமிழ் வகுப்பு, வெள்ளிக்கிழமைப் பூஜை. கமிட்டிக்கு வேண்டிய விடை இங்கேதான் கிடைக்கும்.

டிவி கேள்வியை பயக் கேள்விகளுக்குப் பிறகு வையுங்கள். "தினமும் எத்தனை மணி நேரம்?" என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. நேற்று என்ன பார்த்தீர்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை வரை என்று கேளுங்கள். நிகழ்ச்சி வாரியாக எழுத வேண்டும். கெர்ப்னர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் அவர் மீது வந்த நியாயமான குறை. சன் டிவியில் நாலு மணி நேரம் சீரியல் பார்க்கும் ஆயா, சொல் முழுதும் புரியாவிட்டாலும், பார்ப்பது சென்னைக் கடத்தலையும் மருமகளுக்கு வைக்கும் விஷத்தையும். ஈ.என்.சி.ஏ. செய்திச் சேனலை நாள் முழுக்க ஓடவிடும் தாத்தா பார்ப்பது வேறு. இருவருக்கும் 4 மணி என்று ஒரே எண்ணைப் போட்டால் கணக்கு அங்கேயே செத்தது. கூடவே வாட்ஸ்அப் பாதுகாப்புக் குழுக்கள் எத்தனையில் இருக்கிறார், நேற்று அவற்றில் எத்தனை செய்தி திறந்தார் என்பதும் வேண்டும். என் ஊகம், இன்றைக்கு டிவியைவிட இதில்தான் எண் பெரிதாக வரும்.

தெருவில் பெரிய சம்பவம் நடந்த பின் இரண்டு வாரமும், போலீஸ் காலாண்டுக் கணக்கு வெளியாகும் வாரமும் போகாதீர்கள். அலசும்போது வயது, பால் இரண்டால் மட்டும் பிரியுங்கள். 80 பேரை அதற்கு மேல் கூறு போட்டால் சில கூறுகளில் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள்.

போலீஸ் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நிலைய வாரியாக இணையத்தில் கிடைக்கும். ஆள் இல்லாத வீட்டை உடைப்பது ஒரு கணக்கு, ஆள் இருக்கும்போது உள்ளே வந்து மிரட்டிக் கொள்ளையடிப்பது இன்னொரு கணக்கு. முதலாவது பல மடங்கு அதிகம். தூக்கத்தைக் கெடுப்பதும் செய்தியில் வருவதும் இரண்டாவது. கார் திருட்டு எண்ணை ஓரளவு நம்பலாம், இன்சூரன்ஸுக்கு வழக்கு எண் வேண்டும் என்பதால் எல்லோரும் புகார் கொடுக்கிறார்கள். போன் திருட்டுக்கு அப்படியில்லை. கொலை எண்தான் கூடுமானவரை உறுதியானது: 1994/95-இல் 25,965, 2011/12-இல் பதினைந்தாயிரத்துச் சொச்சம், 2022/23-இல் 27,494. ஆக, இறங்கியதும் உண்டு, மறுபடி ஏறியதும் உண்டு. "எப்பவும் கூடிக்கிட்டேதான் போகுது" என்று நினைப்பவரை 2011-இல் திரை ஏமாற்றியது என்று சொல்லலாம். 2022/23-இல் அப்படிச் சொல்ல முடியாது. மக்கள் பயப்படுவதற்கு இந்த நாட்டில் காரணம் இருக்கிறது. பதிவு பெற்றுப் பணியிலிருக்கும் தனியார் காவலர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். போலீஸ் அதில் பாதிகூட இல்லை.

விடை வந்தபின் செய்வது இடத்துக்கு இடம் மாறும். பயம் ஒரு பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக் குவிந்திருந்தால் அது விளக்குப் பிரச்சினை. கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறித்து நகராட்சிக்குக் கொடுத்து, குறிப்பெண் வாங்கிக்கொள்ள வேண்டும், எண் இல்லாத புகார் எங்கேயும் போகாது. தனியே இருக்கும் மூத்தவர்களிடம் குவிந்திருந்தால் பூஜை நேரத்தை மாற்றுவதைவிட, ஒரு காருக்கு மூன்று பேர் என்று ஏற்பாடு செய்வது நல்லது. ஐந்தரைக்கு மாற்றினால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது, கூட்டம் குறையும், ஏழு மணிக்குத் தெருவில் ஆளே இருக்காது, பயம் கூடும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். 1981-இல் பிரையன்ட், கார்வெத், பிரவுன் மூவரும் மாணவர்களை ஆறு வாரம் சண்டைப் படங்கள் பார்க்க வைத்தார்கள். கெட்டவன் தண்டனை பெறும் கதைகள் ஒரு குழுவுக்கு, தப்பிவிடும் கதைகள் இன்னொன்றுக்கு. மனக்கலக்கம் தப்பிவிடும் கதைகளைப் பார்த்தவர்களிடம்தான் அதிகம் ஏறியது. நம் குழுச் செய்திகள் எல்லாம் அந்த இரண்டாவது வகை. "வெள்ளை போலோ கார், மூணு பேர், உஷார்" என்று வரும். அது பெயின்ட் அடிக்க வந்தவர்கள் என்று அரை மணியில் தெரிந்துவிடும், ஆனால் அதை யாரும் எழுத மாட்டார்கள். இருநூறு வீட்டில் அந்தக் கார் இரவு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, யார் நேரில் பார்த்தது என்ற நான்கும் இல்லாத செய்தியை நிர்வாகி அனுமதிக்கக் கூடாது. குரல்பதிவு, வேறெங்கிருந்தோ வந்து ஃபார்வர்ட் செய்த செய்தி, அடையாளம் தெரியாதவரின் படம் எதுவும் வேண்டாம். போட்டவரே ஒரு மணி நேரத்துக்குள் அதே செய்திக்குப் பதிலாக முடிவையும் எழுத வேண்டும்: போலீஸ் வந்தது, வேலையாள், தெரியவில்லை, ஏதாவது ஒன்று. முடிவு எழுதாமல் இரண்டு முறை விட்டவரின் செய்தியை மூன்றாவது முறை நிர்வாகி நிறுத்திவைக்கலாம்.

ஆறு மாதம் கழித்து அதே 80 வீட்டுக்கு அதே கேள்விகளோடு போங்கள், ஒரு சொல் மாறாமல். முதல் முறை ஜூனில் போயிருந்தால் இரண்டாவது டிசம்பரில் விழும். அப்போது ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், பயம் தானாகவே குறைந்து தெரியும். ஆகவே மார்ச்சில் தொடங்கி செப்டம்பரில் முடியுங்கள்.